விண்ணை அளந்த விஞ்ஞானி டாக்டர் விக்ரம் சாராபாய்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்கு அளவுமானிகள் புதியவை அல்ல. வீட்டுச் சுவரில் மின்சார மீட்டர், கடையில் தராசு, மருத்துவமனையில் வெப்பமானி, அனல் மின் நிலையத்தில் கொதிகலனின் அழுத்தத்தைக் காட்டும் மானி என்று எத்தனையோ கருவிகள் நம்மைச் சூழ்ந்துள்ளன. அவை காட்டும் எண்ணை நாம் நம்புகிறோம். ஏன் நம்புகிறோம்? கடைத் தராசையும் எடைக்கற்களையும் அரசாங்கத்தார் சோதித்து முத்திரை இடுகிறார்கள். மின் நிலையத்து மானிகளைக் குறித்த காலத்தில் கழற்றி, சரியென்று தெரிந்த மானியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். நம் தந்தையர் பலர் இதைக் காலிபரேஷன் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அளவுத்திருத்தம் என்பது அதற்குரிய தமிழ்ச் சொல்.

பூமியில் உள்ள மானி பழுதானால் கழற்றித் திருத்தலாம். விண்கலத்தில் ஏறி லட்சக்கணக்கான கிலோமீட்டர் சென்றுவிட்ட கருவி பொய் சொன்னால் யார் போய்த் திருத்துவது? அது சொல்லும் எண்ணை எந்த நம்பிக்கையில் ஏற்றுக்கொள்வது? இந்தக் கேள்வியோடு தம் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கி, நம் நாட்டின் விண்வெளித் திட்டத்திற்கே தந்தையான ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவர்தாம் டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய்.

இளமைப் பருவம்

விக்ரம் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய துணி ஆலை அதிபர். தாயார் சரளாதேவி. அவர்களுக்கு எட்டுக் குழந்தைகள். அக்குழந்தைகளுக்காகத் தாயார் வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் ஒரு பள்ளியை நடத்தினார். காந்தியடிகள், தாகூர் போன்ற பெரியோர் வந்து செல்லும் இல்லம் அது. அங்கே பிள்ளைகளுக்கென ஒரு சிறு பட்டறையும் இருந்தது. விக்ரமுக்கு அந்தப் பட்டறையே சொர்க்கம்.

பின்னர் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் புனித யோவான் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1940-இல் தேறினார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. தாயகம் திரும்பிய அவர் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமனின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கேதான் காஸ்மிக் கதிர்கள் என்னும் பொருளைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதே கழகத்தில் அந்நாளில் டாக்டர் ஹோமி பாபாவும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து வந்தார். இந்த இருவருமே பிற்காலத்தில் நாட்டின் அணு, விண்வெளித் திட்டங்களைத் தாங்கிய தூண்கள் ஆனது நாம் எண்ணி மகிழத் தக்கது.

கண்ணுக்குத் தெரியாத மழை

காஸ்மிக் கதிர்கள் என்றால் என்ன? 1912-ஆம் ஆண்டு ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கும் மேல் சென்று, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அது பூமியிலிருந்து வருவதன்று, வானிலிருந்து வருவது என்று தெரிந்தது. மின்னூட்டம் பெற்ற துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், விண்வெளியிலிருந்து இடைவிடாது பூமியின் மேல் பொழிகின்றன. அவை காற்று மண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் துகள்கள் நம் மீதும் விழுகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. நாம் எதையும் உணர்வதில்லை.

இவற்றை எண்ணுவதற்கு விக்ரம் பயன்படுத்திய கருவி கெய்கர் எண்ணி. அது ஓர் உலோகக் குழல். நடுவில் மெல்லிய கம்பி. உள்ளே குறைந்த அழுத்தத்தில் வாயு. குழலுக்கும் கம்பிக்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தம். ஒரு துகள் வாயுவில் பாய்ந்தால் மின்னோட்டம் ஒரு கணம் துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணினால் துகளை எண்ணியதாகும். இரண்டு மூன்று குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாம் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் கணக்கிடும்படி அமைத்தால், துகள் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். இதற்குக் காஸ்மிக் கதிர்த் தொலைநோக்கி என்று பெயர்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் தொல்லை எங்கே வருகிறது என்று பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் குழல் துடிக்காது. மிகுந்தால் துகள் வராமலே துடிக்கும். இடையே ஒரு சமவெளி உண்டு. அங்கே மின்னழுத்தம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாது. ஒவ்வொரு குழலுக்கும் அந்தச் சமவெளியைச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வலிமை தெரிந்த கதிரியக்கப் பொருளை எதிரே வைத்து, குழல் எண்ண வேண்டியதை எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்று சரியாக இருந்த குழல் நாளை மாறலாம். ஆகவே மறுபடியும் பார்க்க வேண்டும். காற்றின் அழுத்தம் கூடினால் தரைக்கு வரும் துகள்கள் குறையும். எனவே அழுத்தமானியையும் பார்த்து, கணக்கைத் திருத்த வேண்டும்.

பொறுமையின் பாடம்

விக்ரம் தேடியது மிகச் சிறிய ஒரு வேறுபாட்டை. பகல் இரவு மாறும்போது காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கையும் மாறுகிறதா? மாறினால் அது கதிரவனைப் பற்றியும், கதிரவனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளியைப் பற்றியும் நமக்குச் செய்தி தரும். ஆனால் அந்த மாற்றம் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு.

கணித வகுப்பில் நாம் கற்றதை இங்கே நினைவுகூர்வோம். தற்செயலாக வரும் 100 துகள்களை எண்ணினால், அந்த எண்ணிக்கையிலேயே ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது நூற்றுக்குப் பத்து ஐயம். 10,000 எண்ணினால் ஐயம் 100, நூற்றுக்கு ஒன்று. 10 லட்சம் எண்ணினால் ஐயம் 1,000, ஆயிரத்துக்கு ஒன்று. மிகச் சிறிய உண்மையைக் காண லட்சக்கணக்கில் எண்ண வேண்டும். அத்தனை நாளும் கருவி மாறாமல் இருக்க வேண்டும். கருவியே நூற்றுக்கு ஒன்று தவறினால், விஞ்ஞானி கதிரவனைக் காண்பதாக எண்ணிக்கொண்டு தம் கருவியின் கோளாறைத்தான் கண்டுகொண்டிருப்பார்!

செல்வக் குடும்பத்து இளைஞர் ஒருவர், ஆலைகளைக் கவனித்துச் சுகமாக இருந்திருக்கலாம். அவரோ துடிப்புகளை எண்ணிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமர்ந்தார். காஸ்மிக் கதிர்கள் காலத்தோடு மாறும் விதம் பற்றிய அவரது முதல் ஆய்வுக் கட்டுரை 1942-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் சென்னையில் நடனக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனை மணந்தார். 1943-இல் காஷ்மீர் மலைகளில் ஏறி, உயரத்தில் அளவெடுத்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் என்னும் பொருளில் ஆராய்ந்து 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டில், நவம்பர் 11-ஆம் நாள், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. ஒரு கல்லூரியின் சில அறைகளே அதன் முதல் இருப்பிடம். வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற, பாலக்காட்டைச் சேர்ந்த டாக்டர் கே. ஆர். ராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். தாம் தொடங்கிய நிலையத்துக்குத் தாமே தலைவராகாமல், அனுபவம் மிக்க பெரியவரை அழைத்து அமர்த்திய பண்பை நாம் கவனிக்க வேண்டும்.

ஓர் இடத்தில் எடுத்த அளவு போதாது என்பதை டாக்டர் சாராபாய் அறிந்திருந்தார். ஆகவே அகமதாபாத்தோடு குல்மார்க், திருவனந்தபுரம், நம் தமிழ்நாட்டின் கொடைக்கானல் ஆகிய இடங்களிலும் எண்ணிகள் நிறுவப்பட்டன. வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று சோதித்தன. கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் நாம் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு வருகிறோம். அந்த மலையிலிருந்து விண்வெளியின் போக்கை அறிய முயன்றவர்கள் இருந்தார்கள் என்பதையும் இனி நினைத்துக்கொள்வோம்.

தென்னிந்தியாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென் முனையை ஒட்டிச் செல்கிறது. பூமியின் காந்தப்புலம் ஒரு சல்லடை போன்றது. ஆற்றல் குறைந்த துகள்களை நடுக்கோட்டுப் பகுதியில் அது உள்ளே விடுவதில்லை. மிகுந்த ஆற்றல் உடையவை மட்டுமே இங்கே வந்து சேரும். ஆகவே இங்கு எண்ணப்படும் துகள்களின் குறைந்தபட்ச ஆற்றல் முன்கூட்டியே தெரியும். இறைவன் படைத்த பூமியே ஒரு சோதனைக் கருவியாக உதவுகிறது!

மௌனமான கருவி

அக்காலத்தில் உலகை வியப்பில் ஆழ்த்திய ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1-ஐ ஏவியது. அதில் பேராசிரியர் வான் ஆலன் குழுவினர் ஒரு கெய்கர் எண்ணியை வைத்திருந்தனர். குறைந்த உயரத்தில் அது ஒழுங்காக எண்ணியது. மிக உயரத்துக்குப் போனபோதோ சுழியம் காட்டியது. அங்கே துகள்களே இல்லையா? கருவி கெட்டுவிட்டதா?

விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த கார்ல் மக்கில்வெய்ன் என்னும் இளைஞர், அதே வகை எண்ணியை எக்ஸ்-கதிர்க் கற்றைக்கு எதிரே வைத்துச் சோதித்தார். கற்றையின் வலிமையைக் கூட்டக் கூட எண்ணிக்கை ஏறியது. ஓர் எல்லைக்கு மேல் கருவி திணறி, ஒன்றுமே எண்ணாமல் நின்றுவிட்டது. ஆக, சுழியம் என்றால் துகள் இல்லை என்று பொருளன்று. கருவியால் தாங்க முடியாத அளவுக்குத் துகள்கள் குவிந்திருந்தன என்று பொருள். இவ்வாறு பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள் கண்டறியப்பட்டன.

ஒரே சுழியம், இருவேறு பொருள். எது உண்மை என்று காட்டியது, வலிமை தெரிந்த ஒரு கற்றை. அதனால்தான் இன்று விண்ணில் செல்லும் துகள் உணர்விகளைத் துகள் முடுக்கிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். முடுக்கி என்பது புரோட்டான்களையோ பிற அயனிகளையோ மின்புலத்தால் விரைவுபடுத்தி மெல்லிய கற்றையாக வெளியிடும் இயந்திரம். எந்த அயனி, எவ்வளவு ஆற்றல், விநாடிக்கு எத்தனை என்பது அங்கே முன்பே தெரியும். உணர்வியைக் காற்று நீக்கிய அறையில் கற்றைக்கு எதிரே பொருத்துகிறார்கள். ஆற்றலை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கோணத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அனுப்பியது 1,000 என்றால் கருவி சொல்வது 1,000-ஆ, 900-ஆ என்று குறித்துக்கொள்கிறார்கள். 900 என்றால் கருவியைத் தூக்கி எறிவதில்லை. அது எவ்வளவு குறைத்துச் சொல்லும் என்பது தெரிந்துவிட்டது. இனி அதன் சொல்லைத் திருத்திப் புரிந்துகொள்ளலாம். தன் குறை தெரிந்த கருவி நம்பத் தக்க கருவியே.

ஆலயம் தந்த இடம்

1962-இல் டாக்டர் சாராபாய் தலைமையில் இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைந்தது. ராக்கெட் ஏவுவதற்குக் காந்த நடுக்கோட்டின் அருகில் ஓர் இடம் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமம் எல்லா வகையிலும் பொருந்தியது. ஆனால் அங்கே புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் இல்லமும் மீனவ மக்களின் வீடுகளும் இருந்தன.

டாக்டர் சாராபாய் அன்றைய ஆயர் மேதகு பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரில் சந்தித்துத் தம் நோக்கத்தை எடுத்துரைத்தார். ஆயர் தாமாக முடிவு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கூடிய மக்களிடமே கேட்டார். மக்கள் இசைந்தனர். தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற இடத்தை, தங்கள் பெற்றோர் மணமுடித்த பீடத்தை, அறிவின் பொருட்டு விட்டுக்கொடுத்தார்கள். அந்த எளிய மக்களின் தியாகத்தை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. அவர்களுக்கு வேறு இடத்தில் புதிய ஆலயம் எழுந்தது. பழைய ஆலயம் பணிக்கூடமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாமும் அங்கே பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் ஒருவர்.

1963 நவம்பர் 21 மாலை, அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அது அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்கி-அப்பாச்சி. அது வெளியிட்ட சோடியம் ஆவி அந்தி வானில் ஒளிர்ந்தது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

முடியாத பணி

1966 ஜனவரியில் டாக்டர் பாபா விமான விபத்தில் மறைந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் டாக்டர் சாராபாயின் தோள்களில் ஏறியது. 1969-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. வானொலியும் பள்ளியும் எட்டாத கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி போக வேண்டும் என்பது அவர் கனவு. ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் தம் திட்டங்களாலேயே விடை அளித்தார்.

1971 டிசம்பர் இறுதியில் பணியின் பொருட்டுத் திருவனந்தபுரம் வந்திருந்தார். டிசம்பர் 30 அன்று கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளைக் காண அவர் இல்லை.

அந்தச் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று ஏறியது. சில நாட்களிலேயே மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் அதன் அறிவியல் கருவிகள் நின்றுபோயின. யாரும் மேலே சென்று திருத்த முடியவில்லை. ஏவும் முன்பே எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை நம் பொறியாளர்கள் மீண்டும் ஒருமுறை கற்றார்கள். 1985-இல் அமெரிக்க விண்ணோடத்தில் அனுராதா என்னும் இந்தியக் காஸ்மிக் கதிர்க் கருவி பறந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கதிரவனை நோக்குகிறது. அதில் கதிரவனிலிருந்து வரும் துகள்களை எண்ணும் கருவியைச் செய்தது, 1947-இல் சில அறைகளில் விக்ரம் தொடங்கிய அதே ஆராய்ச்சிக் கூடம்தான்! கெய்கர் குழல் துடிப்பை எண்ணிய இளைஞரின் கேள்வி, 76 ஆண்டுகளுக்குப் பின் விண்ணேறிச் சென்றது.

நாம் பெறும் பாடம்

நிலவில் ஒரு பள்ளத்துக்குச் சாராபாய் என்று பெயர். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய நம் கலத்தின் பெயர் விக்ரம். இவை அவருக்குரிய சிறப்புகள். நமக்குரிய பாடமோ அவர் முதலில் செய்த சிறிய வேலையில் இருக்கிறது. தெரியாததைப் பற்றிப் பேசுமுன், தெரிந்ததைக் கொண்டு தம் கருவியைச் சோதித்தார். மாறாத பொறுமையோடு தினமும் சோதித்தார்.

இரவு செபத்தின்போது நம் அருட்சகோதரிகள் நமக்குக் கற்றுத்தந்த ஆன்ம சோதனையும் இதுவே அல்லவா? நம் மனச்சாட்சியும் ஓர் எண்ணிதான். தினமும் சோதிக்காவிட்டால் அது குறைத்தும் சொல்லும், கூட்டியும் சொல்லும். சில வேளைகளில் பாரம் தாங்காமல் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தைக் குற்றமின்மை என்று நாம் தவறாக எண்ணிவிடக் கூடாது.

பள்ளி என்பது நம்மைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற தோழி மனம் தளர வேண்டாம். 1,000-க்கு 900 காட்டிய கருவியை எறிந்துவிடவில்லை என்பதை நினைவில் கொள்ளட்டும். எங்கே குறை என்று அறிந்துகொள்ளவே தேர்வு. பெற்றோரும் இதை நினைவில் வைத்தால் நலம். நாளை இந்த நகரியத்தை விட்டு, தாயும் ஆசிரியையும் உடன் வர முடியாத தொலைவுகளுக்கு நாம் செல்வோம். அங்கேயும் உண்மையான அளவைச் சொல்லும் கருவிகளாக நாம் விளங்க, இப்போதே நம்மைச் சோதித்துத் திருத்திக்கொள்வோம். இறைவன் துணை நிற்பாராக!